இருபத்திரண்டு எழுத்து

சென்ட் காலன். வங்கியின் நான்காம் மாடி.
இங்கே சன்னல்கள் திறக்கா. பனிக்கும் வெயிலுக்கும்
ஒரே காற்றுத்தான்.
திங்கள் காலை பணிப்பாளர் சொன்னார்:
"இனி எங்கள் கதவுகள் திறந்தே இருக்கும்.
வெளியாரிடமும் யோசனை உண்டு."
கை தட்டினேன்.
முதலில் தட்டியது நான்தான், அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ரெட்டோ தட்டவில்லை.
திரும்பி வந்த காசுகளோடு முப்பத்தொரு வருடம் இருப்பவன்.
கன்டீனில் உருளைக்கிழங்கைக் குத்தியபடி சொன்னான்:
"கதவால் உள்ளே வரத்தான் வேண்டும் என்று
யார் சொன்னது?
வெளியேயும் போகலாம்."
புளெர்தா சிரிக்கவில்லை.
போன வைகாசியில் அவளுக்குப் பக்கத்து மேசை
போலந்துக்குப் போய்விட்டது.

வந்தார்கள். லொசானிலிருந்து இரண்டு பெடியன்கள்,
தாலினிலிருந்து காய்டி என்றொருத்தி.
வெள்ளைச் சப்பாத்து, மஞ்சள் ஒட்டுத்தாள்.
வைத்தியர் மாதிரிக் கேட்டார்கள்:
"உங்களுக்கு எங்கே நோகிறது?"
பதினொரு பேர் இருந்தோம்.
ஒருவருக்கும் ஓரிடத்திலும் நோகவில்லை.
கோப்பி மெஷின் மட்டும் இருமியது.

எனக்கு நோகிற இடம் இது:
எங்கள் பழைய சிஸ்டத்தில் பெயருக்கு
இருபத்திரண்டு கட்டம்.
மிச்சத்தை வெட்டிவிடும்.
தயாபரன் கனகசபாபதி, பதியை இழந்து
தயாபரன் கனகசபாப் ஆவார்.
அப்படி ஒரு மனிதர் உலகத்திலேயே இல்லையென்று
அவருடைய காசு
வந்த வழியே திரும்பிப் போகும்.
போர்த்துக்கீசருக்கும் இதே கதி, எரித்திரியருக்கும்.
என் சம்பளச் சீட்டிலும்
கடைசி நாலெழுத்து பன்னிரண்டு வருடமாக இல்லை.

ஒரு பட்டியல் வைத்திருந்தேன்.
எக்செல்லில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரி.
வெட்டுப்பட்ட பெயர் இடப்பக்கம்
முழுப்பெயர் வலப்பக்கம்.
அதைப் பார்த்துப் பார்த்து நாளுக்கு
நாற்பது பேரின் காசைக் கரை சேர்ப்பேன்.
கோப்புக்கு நான் வைத்த பெயர் 'சமையல் குறிப்பு'.
ஒருவரும் திறக்க மாட்டார்கள்.
நான் லீவில் போனால் மாடி கொஞ்சம் தடுமாறும்.
அந்தத் தடுமாற்றம்தான்
என் கதிரையின் நான்காம் கால்.
கழற்றிக் கொடுத்துவிட்டு எதில் இருப்பது?

மூன்றாம் கிழமை, பெட்டிக்குள் விழுந்த யோசனைகளை
பெயரில்லாமல் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள்.
பதினேழு தாள்.
அதில் பதினான்கில்
ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் இரண்டு இடைவெளி.
இந்த மாடியில்
தட்டச்சு மெஷினில் கைபழகியவன் ஒருவன்தான்.

ஒன்பதாம் தாளில் இருந்தது:
"பெயர்கள் வெட்டுப்படுகின்றன.  எங்களில் ஒருவரிடம்
பட்டியல் இருக்கிறது.  கேட்டால் தருவார்.
நாங்கள் யாரும் கேட்டதில்லை."

சுவருக்கு முன்னால் நின்றேன்.
பின்னால் ரெட்டோ, புளெர்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்
இன்றைக்குச் சூப்பில் உப்புக் கூடவாம்,
இந்தப் புதுமை எல்லாம் தை மாதத்தோடு சரியாம்.
தன் குரலைத் தானே நம்பாத ஒருவன் கதைப்பதுபோல்
கொஞ்சம் சத்தமாக.

பின்னேரம் 'சமையல் குறிப்பு' என்பதை அழித்து
அந்த இடத்தில் சுகிர்தமலர் வைத்திலிங்கம் என்று
முழுதாக எழுதினேன்.
காய்டிக்கு அனுப்பினேன்.
வயிற்றுக்குள் ஏதோ ஒன்று
படி தவறியதுபோல் இறங்கியது. பெருமை இல்லை அது.
பெருமை என்றால் எனக்குத் தெரியும்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.
நன்றி, அருமை, இதைத்தான் தேடினோம், எல்லாம் இருந்தது.
மேலே, வங்கியின் முகவரிப் புத்தகம் எடுத்துக்கொடுத்தபடி:
"அன்புள்ள வைத்திலி அம்மையாருக்கு."

திரையை ரெட்டோவின் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடியைத் தேடினான்,
மேசை, லாச்சி, கோட்டுப் பை எல்லாம்.
அது நெற்றியில் இருந்தது.